கீழ்நோக்கிய கிணறு யாருக்கு?

புதுச்சேரியின் பாகூரில் என் பெரியப்பா வீட்டு நெல்லறையில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. மூன்று தலைமுறைப் பத்திரங்கள் அதில் கிடக்கின்றன. அடியில் இருப்பவை பிரெஞ்சில், நொத்தேர் என்னும் பத்திர அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையுமாக. மேலே இருப்பவை தமிழில். தமிழ்ப் பத்திரத்தில் செக்குபந்தி தெளிவாக எழுதியிருக்கிறது: வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாருடைய நஞ்சை, தெற்கே வண்டிப்பாதை. கடைசியில் வழக்கமான வரி: நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் முதலான அஷ்டபோக பாத்தியங்களோடு நிலம் கைமாறுகிறது. நான்கு பக்கமும் எல்லை உண்டு. ஆழத்துக்கு மட்டும் எல்லை எழுதவில்லை.

ஆழத்தைப் பற்றி நம்மவர்கள் யோசிக்காமல் விட்டதில்லை. சோழர் காலத்து நிலக்கொடைக் கல்வெட்டுகள் மேல்நோக்கிய மரத்தையும் கீழ்நோக்கிய கிணற்றையும் சேர்த்தே கொடுக்கின்றன. நிட்சேபம் என்றால் மண்ணில் புதைத்து வைத்த பொருள். அது நிலத்துக்காரனுக்குச் சேரும் என்பதும் பழைய ஏற்பாடுதான். ஆனால் வேறொருவர் தன் கழிவை ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கொண்டுவந்து புதைத்தால், அந்த நிட்சேபம் யாருக்குச் சேரும்? லாபத்தைக் கேட்கவில்லை. பொறுப்பைக் கேட்கிறேன்.

அனல்மின் நிலையம், சிமெண்ட் ஆலை, சுத்திகரிப்பு ஆலை ஆகியவற்றின் புகைபோக்கியிலேயே கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, அழுத்தி, குழாய்வழி கொண்டுபோய் நிலத்தடிப் பாறைக்குள் நிரந்தரமாக அடைத்துவிடும் தொழில்நுட்பத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். சுமார் 800 மீட்டருக்குக் கீழே இருக்கும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இந்த வாயு ஏறக்குறைய திரவம்போல் அடர்ந்து, மணற்பாறையின் நுண்துளைகளில் தங்கிவிடும். மேலே களிமண் பாறை மூடிபோல் இருக்க வேண்டும். நார்வே தன் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் கடலடியில் இப்படிப் புதைத்து வருகிறது. இதன் வேதியியல் நமக்கும் கைவந்ததுதான். தூத்துக்குடி ஆல்கலி ஆலையில் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை பிடித்து சோடா உப்பு தயாரிக்கும் ஏற்பாடு 2017 வாக்கில் உலகச் செய்தியானது. அங்கே வாயுவைப் புதைக்கவில்லை, பண்டமாக்கினார்கள். அந்தச் சோடா உப்பு கண்ணாடி உலையில் உருகும்போது வாயு மறுபடி வானத்துக்கே போய்விடும் என்பதால், அதைக் குறைத்த உமிழ்வாகக் கணக்கில் எழுதலாமா என்பது தனி வழக்கு.

நிதி ஆயோக் 2022 நவம்பரில் இதற்கான கொள்கை வரைவு அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 2050இல் ஆண்டுக்கு 75 கோடி டன் வரை பிடித்துப் பயன்படுத்தவோ புதைக்கவோ முடியும் என்கிறது அது. குஜராத்தின் கந்தார் எண்ணெய் வயலுக்குக் கோயலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வாயுவைக் கொண்டுபோய், எஞ்சிய எண்ணெயை உந்தி வெளியேற்ற ஓஎன்ஜிசியும் இந்தியன் ஆயிலும் 2019இல் ஒப்பந்தம் போட்டன. திட்டங்களும் அறிக்கைகளும் வந்துகொண்டிருக்கின்றன. புதைப்பதற்கென்று ஒரு தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை.

இதில் புதுச்சேரிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் நிலவியல் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். காவிரிப் படுகையின் உட்பள்ளங்களில் ஒன்றின் பெயரே அரியலூர் - புதுச்சேரிப் பள்ளம். கரையை விட்டுச் சற்று உள்ளே, கடலில் இருக்கும் பி.ஒய்-1 எரிவாயு வயலும் பி.ஒய்-3 எண்ணெய் வயலும் பாண்டிச்சேரியின் ஆங்கில முதலெழுத்துகளைச் சுமப்பவை. பி.ஒய்-3இல் 1997இல் தொடங்கிய உற்பத்தி 2011இல் நின்றது. காரைக்கால் நிரவியில் ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகம் இருக்கிறது. திருமலைராயன்பட்டினத்தில் புதுச்சேரி அரசுக்குச் சொந்தமான 32.5 மெகாவாட் மின்நிலையம் 2000 முதல் அந்தப் படுகையின் எரிவாயுவை எரித்தே ஓடுகிறது. மேற்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, அரியலூரில் சிமெண்ட். புகையும் இங்கே இருக்கிறது, அதைப் புதைக்கக்கூடிய பாறையும் இங்கே இருக்கிறது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் யாராவது ஒரு கோப்போடு வருவார்கள்.

அந்தக் கோப்பில் முதல் கேள்வி, அந்த நுண்துளை யாருடையது என்பதுதான்.

புதுச்சேரியில் இந்தக் கேள்விக்கு இரண்டு மரபுகள் பதில் சொல்கின்றன. 1819இல் இங்கே நடைமுறைக்கு வந்த பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 552ஆம் பிரிவின்படி, நிலத்தின் உடைமை மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் சேர்த்தே உடைமை. சுரங்கத்தைப் பொறுத்தவரை, 1810ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சுரங்கச் சட்டம் அதை மேல்நிலத்திலிருந்து பிரித்துத் தனிச் சலுகையாக்கியது. 1962 ஆகஸ்ட் 16 முதல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. 1968ஆம் ஆண்டின் விரிவாக்கச் சட்டம் பல இந்தியச் சட்டங்களை இங்கே கொண்டுவந்தது. இந்தியப் பக்கத்திலும் பதில் வெகுதூரம் விலகவில்லை. கேரளத்து மலபார் ஜென்மி நிலங்கள் தொடர்பான திரேசியம்மா ஜேக்கப் வழக்கில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. நிலத்தடிக் கனிமம் தானாக அரசுக்குச் சேராது. சட்டப்படி பறிக்கப்படாதவரை அது நில உடைமையோடுதான் போகும்.

கனிமம் என்பது எடுக்கும் பொருள். நுண்துளை என்பது இடம், வெறும் கொள்ளளவு. எடுப்பதற்கு உரிமை வழங்கும் சட்டம், இட்டு நிரப்புவதற்கும் உரிமை தந்துவிடுமா? எண்ணெய் வயல்கள் சட்டம் 1948இல் வந்தது, 2025இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் குத்தகைதாரர் சூழலைக் காப்பதற்கும் உமிழ்வைத் தணிப்பதற்கும் விதிகள் செய்ய மைய அரசுக்கு அதிகாரம் தந்தது. எண்ணெய் எடுக்கும் நிறுவனம் தன் வயலுக்குள் தன் வாயுவைச் செலுத்த இந்தக் கூரை ஒருவேளை போதும். அரியலூர் சிமெண்ட் ஆலையின் வாயுவை, எண்ணெயே இல்லாத உப்புநீர்ப் பாறையில் புதைக்க இது போதாது என்றே நினைக்கிறேன். அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் 2008இலேயே நுண்துளை மேல்நிலத்துக்காரருடையது என்று சட்டம் போட்டு, பேரம் யாரோடு என்பதைத் தீர்த்துக்கொண்டது. ஐரோப்பாவின் பல நாடுகள் அதை அரசின் பிடியில் வைத்திருக்கின்றன. எந்த வழியானாலும் குழி தோண்டுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய காரியம் இது.

கடலுக்குள் போனால் சிக்கல் குறையும் என்று பலர் சொல்கிறார்கள். ஓரளவு உண்மைதான். கடலடி நிலம், கனிமம், மதிப்புள்ள பிற பொருள்கள் அனைத்தும் ஒன்றியத்தைச் சேர்ந்தவை என்று அரசியல் சாசனத்தின் 297ஆம் உறுப்பு சொல்கிறது. காலியான துளையும் "மதிப்புள்ள பொருள்" என்று நீதிமன்றம் ஏற்றால் உடைமைச் சண்டை முடிந்தது. வீராம்பட்டினத்திலும் காரைக்கால்மேட்டிலும் வலையை நம்பி வாழ்கிறவர்களின் சண்டை அதோடு முடியாது. அந்தக் கடலில் அவர்களுக்குப் பட்டா இல்லை, பாடு மட்டுமே உண்டு.

கரையில் குழாய் வரும். பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்களுக்காக 1962இல் வந்த சட்டத்தில், நிலத்தை வாங்காமலே பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு நிலமதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு தர வழி இருக்கிறது. கொங்கு நாட்டு விவசாயிகள் கெயில் குழாயை எதிர்த்துப் போராடியது இந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான். கரியமில வாயு பெட்ரோலியமா, கனிமமா? ஆலைப் புகையிலிருந்து பிரித்த ஒன்றைக் கனிமம் என்பதற்குச் சொல்லை ரொம்பவே வளைக்க வேண்டும்.

குழாயின் ஆபத்தைப் பற்றி இரண்டு சம்பவங்களைச் சொல்லத்தான் வேண்டும். 2014 ஜூன் 27 அதிகாலை, ஆந்திரத்தின் நகரம் கிராமத்தில் கெயிலின் எரிவாயுக் குழாய் வெடித்து, உறங்கிக்கொண்டிருந்தவர்கள் எரிந்துபோனார்கள். உலர்ந்த வாயு போக வேண்டிய குழாயில் ஈரவாயு போய், உள்ளே அரித்திருந்தது. கரியமில வாயுவும் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி இரும்பைத் தின்னும். இரண்டாவது, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சட்டார்ஷியா. 2020 பிப்ரவரி 22 மாலை, தொடர்மழையில் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் முறிந்தது. தீ இல்லை, புகை இல்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு பள்ளத்தில் இறங்கி ஊருக்குள் தவழ்ந்தது. தப்பியோட நினைத்தவர்களின் கார்கள் வழியிலேயே அணைந்துபோயின, எஞ்சினுக்கு ஆக்சிஜன் இல்லை. சுமார் 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஏறத்தாழ 200 பேர் வெளியேற்றப்பட்டார்கள். யாரும் சாகவில்லை. மழைநாளில் தண்ணீர் தேங்கும் தாழ்ந்த ஊர்கள் நம் டெல்டாவில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், குழாய் எந்த வழியாகப் போகும் என்று முடிவெடுக்கும் நேரத்தில் ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருக்க வேண்டியது ஏன் என்று விளங்கும்.

என் கவலை இதையெல்லாம்விடத் தண்ணீர்மேல்தான். புதுச்சேரி நகரத்துக்கு முத்திரையர்பாளையத்திலிருந்து தண்ணீர் வந்த கதை ஆயி மண்டபமாகப் பாரதி பூங்காவில் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுப் பொறியாளர்கள் இந்தப் பக்கம் ஆர்ட்டீசியன் கிணறுகள் இறக்கியபோது தண்ணீர் தானாகப் பொங்கி வந்தது. பாகூர் வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரியும் தட்டுப்பட்டது. அதே கடலூர் மணற்பாறைதான் நெய்வேலிவரை நீண்டு கிடக்கிறது. அங்கே நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும். ஓரிடத்தில் அழுத்தம் மாறினால் தூரத்தில் நீர்மட்டம் மாறும் என்பதை இந்த மண்ணில் யாரும் பாடப்புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. புதைக்கப்போவது இதற்கு வெகு கீழே உள்ள உப்புநீர்ப் பாறையில்தான், உண்மை. கீழே போகும் ஒவ்வொரு குழாயும் மேலே இருக்கும் குடிநீர்ப் பாறையைத் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும், அதுவும் உண்மை.

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் நீரோடை என்ற சொல்லுக்கு நிலத்தடி நீரும் அடக்கம். அதில் மாசுப்பொருளை விடக் கூடாது என்கிறது 24ஆம் பிரிவு. ஆயிரம் மீட்டர் ஆழத்து உப்புநீரும் நிலத்தடி நீர்தானே? கரியமில வாயு மாசுப்பொருளா? ஆம் என்றால் இந்தத் தொழிலே சட்டமீறல். இல்லை என்றால் நாளை கசிந்து கிணற்று நீர் புளித்தாலும் கேட்பதற்குப் பிடி இல்லை. இரண்டு பதிலும் உதவாது. நடுவே ஒரு வழியைச் சட்டம்தான் வகுக்க வேண்டும். அமெரிக்கா 2010இல் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இதற்கென்றே ஆறாம் வகுப்புக் கிணறு என்று ஒரு வகையை உண்டாக்கியது. வாயுவைச் செலுத்தி முடித்தபின் 50 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்பது அதன் பொதுவிதி. அப்படியிருந்தும் இல்லினாய் மாநிலத்து டெகேட்டரில் ஒரு கண்காணிப்புக் கிணறே அரித்துப்போய், வாயு அனுமதிக்கப்படாத பாறை அடுக்குக்குள் போனது 2024இல் வெளியே வந்தது. மறு ஆண்டே, மஹோமெட் என்ற குடிநீர்ப்பாறையின் பரப்பில் புதைப்பதற்கு அந்த மாநிலம் தடை போட்டது. கடலூர் மணற்பாறைக்கும் அப்படி ஒரு பாதுகாப்பை நாம் முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். கசிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

காலம்தான் எல்லாவற்றிலும் கடினம். நிறுவனம் 25 ஆண்டு புதைக்கும், மூடும், கலைந்தும் போகலாம். வாயு ஆயிரக்கணக்கான ஆண்டு கீழேயே இருக்க வேண்டும். நம்மிடம் ஓலியம் வாயுக் கசிவு வழக்கு தந்த முழுப்பொறுப்புக் கொள்கை 1986 முதல் இருக்கிறது. ஆபத்தான தொழில் செய்பவன் தவறில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும், 2010இல் வந்த பசுமைத் தீர்ப்பாயமும் இருக்கின்றன. கொள்கையில் குறைவில்லை. ஆனால் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் போயாக வேண்டும். நிலத்தடியில் ஊர்ந்துவரும் ஒன்று எந்த நாளில் "எழுந்தது" என்று யார் சொல்வது? குத்தகைதாரரே இல்லாதபோது நோட்டீஸ் எந்த முகவரிக்குப் போகும்?

2009ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய ஆணை இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மூடிய பின்னும் குறைந்தது 20 ஆண்டு நிறுவனமே பொறுப்பு. வாயு நிலைபெற்றது என்று நிரூபித்தால்தான் அரசு ஏற்கும். ஏற்கும் முன் குறைந்தபட்சம் 30 ஆண்டுக் கண்காணிப்புச் செலவைக் கட்டிவிட வேண்டும். நமக்குச் சட்டம் தந்த பிரான்சே இதைச் சிறு அளவில் செய்து பார்த்தது. தென்மேற்கே லாக் என்ற இடத்தில் பிடித்து, 27 கிலோமீட்டர் குழாயில் கொண்டுபோய், ழுரான்சோன் திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய ரூஸ் என்ற தீர்ந்துபோன எரிவாயு வயலில், 2010 முதல் 2013 வரை சுமார் 51,000 டன் புதைத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் எதிர்த்தார்கள். முடிந்தபின் கண்காணிப்பும் நடந்தது. ஒரு நடுத்தர அனல்மின் நிலையம் சில நாட்களில் விடும் புகைதான் அந்த மொத்த அளவும். அதற்கே அவ்வளவு காகிதமும் பேச்சும் தேவைப்பட்டன. அது வீண்வேலை என்று நான் நினைக்கவில்லை.

இங்கே எல்லை வேறு குறுக்கிடுகிறது. புதுச்சேரி மாவட்டமே கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. காரைக்காலை நாகை, மயிலாடுதுறை முதலிய மாவட்டங்கள் சூழ்ந்திருக்கின்றன. காரைக்காலில் இறக்கிய வாயு பாறைக்குள் பரவும்போது நாகை மாவட்டத்துக்கு அடியில் போகாது என்று யாரும் உறுதி தர முடியாது. தமிழ்நாடு 2020இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காரைக்கால் எல்லையில் நின்றுவிடுகிறது. அந்தச் சட்டம் தடுப்பதும் எண்ணெய், எரிவாயு தேடித் துளைப்பதையும் எடுப்பதையும்தான். புதைப்பதற்காகத் துளைப்பது அந்தப் பட்டியலில் இல்லை. நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து நடந்த போராட்டங்களுக்குப் பிறகு எழுதிய சட்டத்தில் இப்படி ஒரு வாசல் திறந்து கிடப்பதைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இப்போதே கவனிக்கலாம்.

அந்தப் போராட்டங்களில் ஊர்களுக்குக் கைகொடுத்தது கிராம சபைத் தீர்மானம். 2017இல் எண்ணெய், எரிவாயு எடுக்க ஒதுக்கிய வயல்களின் பட்டியலில் நெடுவாசலோடு காரைக்கால் பெயரும் வந்தது பலருக்கு மறந்திருக்கும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அந்த உறுப்பினர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் ஓடினவே தவிரத் தேர்தல் வரவில்லை. தீர்மானம் போட மன்றமே இல்லாத கொம்யூன் பஞ்சாயத்துகள். சட்டமன்றம் உண்டு. ஆனால் ஒன்றியப் பிரதேசம் என்பதால் எந்தப் பொருளிலும் நாடாளுமன்றத்தின் சொல்லே மேலோங்கும். எண்ணெய் எரிவாயு எப்படியும் ஒன்றியப் பட்டியலில் 53ஆம் இனம். அதோடு 2020 ஜனவரியில், எண்ணெய் எரிவாயு தேடும் பணிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டமே வேண்டாம் என்று சுற்றுச்சூழல் அறிவிக்கையை மாற்றினார்கள். வாயு புதைப்பதற்கு அந்த அறிவிக்கையில் தனி இனமே இல்லை. நாளை அதை எண்ணெய்த் தேடலோடு சேர்த்து எழுதினால், ஊர்க்காரன் பேசக் கிடைக்கும் ஒரே மேடையும் போய்விடும்.

இவ்வளவும் சொல்வதால் நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று கொள்ள வேண்டாம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு வந்தே தீரும். சிமெண்ட் ஆலையின் உமிழ்வில் பாதிக்கும் மேல் அந்தக் கல்லிலிருந்து வருவது, சூரிய மின்சாரத்தால் அதை நிறுத்த முடியாது. அரியலூருக்குப் புதைப்பதைத் தவிர வேறு வழி இன்று தெரியவில்லை. அனல்மின்சாரத்தின் ஆயுளை நீட்டிப்பதற்காகப் புதைப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அதற்கு மாற்று நம் கூரைமேலேயே இருக்கிறது. எந்த ஆலைக்கு இந்த ஆழத்தைத் தரலாம், எதற்குத் தரக் கூடாது என்று தரம்பிரிப்பதும் சட்டத்தின் வேலைதான்.

இன்று யாராவது விண்ணப்பத்தோடு வந்தால் அது எந்த மேசைக்குப் போகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பாறை பற்றிய தரவு நொய்டாவில் உள்ள ஹைட்ரோகார்பன் இயக்குநரகத்தில். அழுத்தக் கலன் அனுமதி நாக்பூரில் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம். நிலத்தடி நீருக்குப் புதுச்சேரியின் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு அதிகாரி. மாசுக்கு இங்குள்ள மாசுக்கட்டுப்பாட்டுக் குழுமம். கரைக்குக் கடலோர மண்டல ஆணையம். நிலத்துக்கு மாவட்ட ஆட்சியர். ஒவ்வொருவரும் தன் பங்குக்குத் தடையில்லை என்று எழுதிவிடலாம். மொத்தமாக இதற்கு நான் பொறுப்பு என்று கையெழுத்திட ஒருவரும் இல்லை.

போன மாதம் பாகூருக்குப் போனபோது பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் பம்புசெட்டு தொட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அவர் அப்பா காலத்துக் கிணறு 30 அடி, இப்போதைய போர் 300 அடி. 800 மீட்டர் என்றால் எத்தனை அடி என்று கேட்டார். இரண்டாயிரத்து அறுநூறு சொச்சம் என்றேன். கொஞ்ச நேரம் தொட்டியில் விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்ளோ ஆழத்துல வேலை செய்யறவன் எங்கிட்ட வந்து கேப்பானா தம்பி?" என்றார். கேட்டே ஆக வேண்டும் என்று இப்போதைய சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை, பெரியப்பா, என்றேன்.